எட்டுக் கோருக்குத் தைத்த சட்டை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். குவைத்தில் ஒரு வீட்டில் ஐந்து வருடம் வேலை செய்தபோது அதை அடக்கி வைத்திருந்தேன். ஏறாவூருக்குத் திரும்பியதும் அது வட்டியும் முதலுமாக வெளியே வந்துவிட்டது. ஒருநாள் அது பாய்ந்தது ஒரு நல்ல மனிதர் மேல். அவருக்கு நான் இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணப் பழகினேன். என்னிடம் இருந்த பழைய கம்பியூட்டரின் புரொசசர் நாலு கோர், அதாவது வேலையை நாலு பேர் பிரித்துச் செய்வது மாதிரி. வெட்டி ஒட்டிய கல்யாணத்தை முழு வீடியோவாக எடுக்க அதற்கு ஒரு பகல் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு திருத்தம் சொன்னால் இன்னொரு பகல். மட்டக்களப்பு டவுனில் கல்யாணங்களைப் படம்பிடிக்கும் ஒருவர், கிழமைக்கு மூன்று முடித்துத் தந்தால் தன் வேலை முழுவதையும் எனக்கே தருவதாகச் சொன்னார். முடியாவிட்டால் குவைத்துதான். திரும்பப் போக விருப்பமா என்று கேட்டிருந்த ஏஜென்சிக்காரருக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மகளுக்கு அப்போது பத்து வயது. நாலு வயதிலிருந்து ஒன்பது வயதுவரை அவள் வளர்ந்ததை நான் போனில்தான் பார்த்தேன்.

காத்தான்குடியில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன்; அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எடுத்த எடுப்பில் எதையும் விற்கவில்லை. "உங்கட பழையதையும் கொண்டு வாங்க தங்கச்சி, ரெண்டையும் ஓடவிட்டுப் பாப்பம்" என்றார். ஒரே பத்து நிமிடத் துண்டை இரண்டிலும் ஓடவிட்டோம். பழையது முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எட்டுக் கோர் புதியது பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டது. நான் அங்கேயே மனதுக்குள் ஏஜென்சிக்காரருக்குக் கடைசி ஸலாம் சொல்லிவிட்டுப் புதியதை வாங்கி வந்தேன்.

எங்கள் பக்கத்தில் புதுச் சாமானை வெறுமனே வைக்கமாட்டோம். டிவிக்கு விரிப்பு, ஃபிரிட்ஜுக்குத் தொப்பி, ரிமோட்டுக்குப் பொலித்தீன். கடலோடு கலக்கும் எங்கள் வாவிக் காற்றின் உப்பு இரும்பைக் கண்டால் விடாது. மகள் இரண்டு நாள் இருந்து, பூப்போட்ட திரைச்சீலைத் துணியில் கம்பியூட்டர் பெட்டிக்கு ஒரு சட்டை தைத்தாள். ஓரத்தில் சுருக்கு வேறு. முன்னால் பட்டனை அமத்த மட்டும் ஓர் ஓட்டை. நானும் மெச்சிக் கொஞ்சினேன். பழைய பெட்டி யாரும் கவனிக்காமல் மூலையில் அம்மணமாகக் கிடந்தது.

முதல் முழுக் கல்யாணத்தைப் புதியதில் போட்டேன். பத்து நிமிடம் பறந்தது, பிறகு நொண்டியது. பகல் லுஹர் தொழுது, சோறாக்கி, சாப்பிட்டு வந்தும் பாதி முடியவில்லை. வீம்புக்கு அடுத்த நாள் அதே கல்யாணத்தைப் பழையதில் போட்டேன். பழையது வென்றது! மறுநாள் காலை புதியதைத் திரும்ப ஓடவிட்டுக் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"நம்பி வந்த பொம்புளைக்குப் பழுதான சாமானைத் தள்ளிட்டீங்களே நானா! இது ஹராமில்லையா?"

வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். அவர் "வாறன் தங்கச்சி" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு அந்த வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தார். புதியது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானாக இருந்தால் தெரு முழுக்கக் கேட்கச் சிரித்திருப்பேன். அவர் மகளிடம், "நீங்களா தைச்ச? வடிவாத்தான் இரிக்கி. ஆனா இதுக்கு மூச்சு முட்டுது மகள்" என்றார். வேகமாக ஓடும் புரொசசர் சூடாகும், சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் கருகிவிடாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னார்.

சட்டையைக் கழற்றப் போன அவர் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க மாமா. உப்புக் காத்துல இது துருப்புடிச்சா உம்மா மறுகா குவைத்துக்குப் போயிருவா."

ஏஜென்சிக்காரரோடு நான் கிணற்றடியில் நின்று மெதுவாகப் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

அவர் அவள் உயரத்துக்குக் குந்தினார். "ஓடக்குள்ள கழட்டுங்க. நிப்பாட்டி ஆறினதும் போடுங்க. அப்ப துருவும் புடிக்காது, உம்மாவும் போகமாட்டா."

அவளே கழற்றினாள். அதே கல்யாணத்தைத் திரும்பப் போட்டோம். முடியும்வரை அவர் போகவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்த போதெல்லாம் மழையைப் பற்றியும் வெள்ளாமையைப் பற்றியும் பேசினார். இரண்டாவது பிளேன்டீ ஆறுவதற்குள் முழுக் கல்யாணமும் முடிந்திருந்தது.

டவுன்காரரின் வேலை எனக்கே கிடைத்தது. ஏஜென்சிக்காரருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சட்டை போட்ட கம்பியூட்டரின் கதையைக் கடைக்கார நானா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அவருக்காக நான் துஆக் கேட்காத நாளில்லை.

வேலை முடிந்து நான் நிற்பாட்டியதும் மகள் இன்றும் பெட்டியைத் தொட்டுப் பார்த்துத்தான் சட்டையைப் போடுகிறாள். போன வாரம் அலுமாரியில் எதையோ தேடியவள் என் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டினாள்.

"உம்மா, இது டேட் முடிஞ்சிரிக்கி."

"கிடக்கட்டும் மகள்" என்றேன்.