அமலியக்காவின் பக்கத்து வரிசை

காப்பிப் பழம் பறிக்கப் போனால் ஆளுக்கொரு வரிசை. எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் அமலியக்காவின் பக்கத்து வரிசையை ஐந்து வருடமாக யாரும் விரும்பி எடுத்ததில்லை. மேஸ்திரி சொன்னால் எடுப்பார்கள், பேசமாட்டார்கள்.

காரணம் எங்கள் பழைய எஸ்டேட் முதலாளி. சேலத்துக்காரன். நிதி நிறுவனமும் நடத்தினான். சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தான். இவ்வளவு பெரிய தோட்டத்தை விட்டுவிட்டு எங்கே ஓடப்போகிறான் என்று சொல்லி, அக்காதான் பதினோரு பெண்களை அவன் நிறுவனத்தில் பணம் போடவைத்தார். தன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததையும் போட்டார். அவன் ஓடிவிட்டான். போலீஸ் பிடித்து, கோர்ட்டில் தண்டனையும் ஆனது. பணம் வரவில்லை. கூரை மாற்ற வைத்திருந்ததை இழந்த ரூபி, மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும் இடமெல்லாம் குண்டா வைத்துக்கொண்டு கிடந்தாள். மாதா கோயிலில் அக்கா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

தோட்டத்தை ஜப்தி செய்ய அதிகாரிகள் வந்த அன்று, நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். கல்கட்டுச் சுவர்வரைதான் அவன் நிலம், மேலே உள்ள ஆறு ஏக்கர் அவன் மைத்துனன் பெயரில் இருக்கிறது என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனார்.

"ஏனுங்க சார், அந்தக் காடும் அவருதுங்க. ரெண்டுலயும் நாங்கதான் பழம் எடுத்தோம். ஒரே களத்துலதான் காயப்போட்டோம்."

"பட்டா வேற பேர்ல இருக்கேம்மா" என்றார் அதிகாரி.

"கூலி இவருதானுங்க குடுத்தாரு."

பையிலிருந்து சம்பளச் சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். ஏழு வருடச் சீட்டுகள். மேல்காடு, கீழ்க்காடு என்று எழுதி, எல்லாவற்றிலும் முதலாளியின் கையெழுத்து. ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் மேல்காட்டையும் கோர்ட் ஜப்தியில் சேர்த்தது. இரண்டும் ஏலம் போக மேலும் ஒன்றரை வருடம். போன மார்கழியில் எல்லார் கணக்கிலும் பணம் ஏறியது. வட்டி இல்லை, போட்டது முழுசாக வந்தது. பாங்கில் அக்கா பாஸ்புத்தகத்தை என்னிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு வெளியே படியில் உட்கார்ந்து, ஒரு சோடா வாங்கி முழுவதையும் குடித்தார்.

மறுநாள் காலை மேஸ்திரி வரிசை பிரிக்குமுன்பே, ரூபி போய் அக்காவின் பக்கத்துச் செடியில் கைவைத்தாள். மத்தியானம்வரை பறித்தாள். பிறகு அக்காவின் பழப் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனக்கா, இன்னும் பாதிகூட ஆகலையே? கை நொம்ப மெதுவாயிருச்சு."

"உன் வரிசையைப் பாரு. கீழ்க்கொப்புல அத்தனை பழத்த உட்டுட்டு வந்திருக்கே."

ரூபி திரும்பி வந்து கீழ்க்கொப்பைப் பறித்தாள்.