அன்பரசன் ‘ஆம்’ என்று எழுதினான்

சட்டம் படிக்கிறவர்களுக்கு வாய் அதிகம். எங்களுக்கு இன்னும் அதிகம். சென்னைச் சட்டக் கல்லூரியிலிருந்து சனிக்கிழமை பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்தால், ஞாயிறு காலை தேரடித் தெருவில் இராமலிங்கத்தின் வீட்டு மாடியில் கூடிவிடுவோம். இராமலிங்கம், அன்பரசன், மதிவதனி என்கிற நான். மூவரும் ஒரே வகுப்பு. குற்றவியல் நீதி, அடிப்படை உரிமை, அரசு ஊழியனின் கடமை என்று பேசித் தீர்ப்போம். இராமலிங்கத்தின் அம்மா மூன்று முறை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் தீர்ப்பு வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அன்பரசன் கீழ்பென்னாத்தூர்க்காரன். வேர்க்கடலை போடும் குடும்பம். அதில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். குறைவாகத்தான் பேசுவான். பேசினால் எழுந்து நின்று பேசுவான், கேட்க நாங்கள் இரண்டு பேர்தான் என்றாலும். வக்கீல் தொழிலில் அவனுக்கு ஆசை இல்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுக்கப் போன அப்பா ஆதிமூலம், செருப்பைக் கழற்றிவிட்டு அரை நாள் நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி வேண்டும், வருகிற மனுதாரர்களை மரியாதையாக நடத்த வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

1997 கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் முன்னால், சாயங்காலம், ஊருக்குப் போக பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் வருவதற்கு முன் ஊரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, போலீஸ் சந்தேகத்தின் பேரில் ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தது. இவனையும் வண்டியில் ஏறச் சொன்னார்கள். "எந்த செக்‌ஷன்ல சார்?" என்று கேட்டான். கேட்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

மறுநாள் காலை கோர்ட்டில் நிறுத்தினார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவுக்கு ஒரு குறையும் இல்லை. பொது இடத்தில் ரகளை செய்ததாகப் பெட்டி கேஸ், அபராதத்தோடு முடிகிற சில்லறை வழக்கு. வரிசையில் முப்பது பேர். பெயரைக் கூப்பிட்டதும் "ஒத்துக்கறேன் ஐயா" என்று சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் வழக்கம். செய்தாயா இல்லையா என்பது அங்கே யாருக்கும் முக்கியமில்லை.

"தம்பி, ஒத்துக்கினா பத்து நிமிசத்துல வூட்டுக்குப் போயிடலாம். இல்லன்னா ஜாமீனுக்கு ஆளு தேடணும், வாய்தாவுக்கு அலையணும். இன்னா சொல்ற?" என்றார் ஏட்டு.

அடுத்த நாள் காலை சென்னையில் அவனுக்குப் பரீட்சை. அரசியல் சட்டத் தாள். ஒத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு மாடியில் அதைச் சொல்லிச் சிரித்தோம். நிரூபிக்கப்படும்வரை எவனும் குற்றவாளி இல்லை என்கிற கொள்கை உன் விஷயத்தில் பத்து நிமிடம்தான் தாங்கியது என்று நான்தான் கேலி செய்தேன். அவனும் சிரித்தான். இன்று நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

2000இல் குரூப் டூ எழுதி, வருவாய்த் துறையில் உதவியாளர் வேலைக்குத் தேர்வானான். ஆதிமூலம் எங்கள் வீடுவரைக்கும் வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போனார். பிறகு போலீஸ் விசாரணைக்கான படிவம் வந்தது. ‘எந்த நீதிமன்றத்திலாவது தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்று அதில் ஒரு கேள்வி. படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான்.

"இல்லன்னு போடுடா. பெட்டி கேஸெல்லாம் எவன் தேடிப் பாக்கப் போறான்? பாதிப் பேரு அப்படித்தான் போடறான்," என்றான் இராமலிங்கம்.

நான் விடவில்லை. இரண்டு மணி நேரம் வாதாடினேன். மறைத்தது பின்னால் தெரிந்தால் வேலையே போய்விடும், அதற்குத் தீர்ப்புகள் இருக்கின்றன, இந்தச் சின்ன அபராதத்துக்காக யாரும் உன்னை ஒதுக்க மாட்டார்கள், மக்களுக்கு ஊழியம் செய்யப் போகிறவன் முதல் காகிதத்திலேயே பொய் எழுதலாமா என்றெல்லாம் அடுக்கினேன். அன்று நன்றாகப் பேசினேன். ஜெயித்தேன். அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்பரசன் ‘ஆம்’ என்று எழுதினான். நடந்ததை ஒரு பக்கத்துக்கு விளக்கி இணைத்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு வரிக் கடிதம் வந்தது. முன்னடத்தை திருப்திகரமாக இல்லாததால் நியமனம் இல்லை. அந்த ஒரு பக்கத்தை யாராவது படித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. அப்பீலுக்கு வழி தேடினோம். தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீல் இல்லை என்றது சட்டம். ஹைகோர்ட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

"அன்னிக்கு ஜட்ஜ்கிட்ட சொன்னது பொய்னு இன்னிக்கு சத்தியம் பண்ணணும். நீ எப்பதான் உண்மை பேசுவனு கேட்டா இன்னா சொல்றது மதி?" என்றான்.

அதற்குப் பிறகு அவன் எந்தத் தேர்வும் எழுதவில்லை. எழுதினாலும் அதே படிவம்தானே வரும். பஸ் நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்தான். ஆதிமூலம் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார். அந்த மனிதர் என்னைத் திட்டியிருக்கலாம்.

2003இல், நான் அதே கோர்ட்டில் வக்கீலாக இருந்தபோது, பார் கவுன்சிலில் பதிவு செய்வதற்கான படிவத்தை வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். பெட்டி கேஸ் இதற்குத் தடையில்லை, கையெழுத்து மட்டும் போடு என்று கெஞ்சினேன். அவன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் நானே நிரப்பியிருந்தேன். தண்டிக்கப்பட்டதுண்டா என்கிற அதே கேள்வியை மட்டும் விட்டிருந்தேன்.

நிதானமாகப் படித்தான். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"என் மேல கோவமா அன்பு?"

"நீ தப்பா சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பேன். நீ சரியாத்தான் சொன்ன."

அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்துப் படிவத்தை என் பக்கம் திருப்பினான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இந்த வாட்டி இன்னா எழுதணும்? நீயே எழுதிடு."

நான் எழுதவில்லை. அவன் இன்றுவரை வக்கீல் ஆகவில்லை.