பை பார்த்துக்கொண்டவளின் ஆல்பம்

நனைந்து சுருங்கிய டிக்கெட்டை இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒரே ஒரு அழுத்து. அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் காகிதம் கறுத்துவிடும். டிக்கெட் தகடுபோல நிமிர்கிறது. அடுத்து தீம் பார்க்கின் வரைபடம், யாரோ அதன்மேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். அதற்கடுத்து, உள்ளே போகும்போது மணிக்கட்டில் ஒட்டிவிடும் மஞ்சள் காகிதப் பட்டை. மகள் அதைப் பிய்த்து எறியாமல், பசை இருக்கும் இடத்தில் பதமாக நறுக்கி எடுத்து வந்திருக்கிறாள். "கிழிஞ்ச பட்டைய என் கண்ணுலயே காட்டாத" என்பது அம்மா போட்ட சட்டம். பன்னிரண்டு வயது மகள் எதிர்த்துப் பேசும் சட்டங்கள் ஏராளம். இது மட்டும் விதிவிலக்கு.

அம்மா பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் பதினான்கு வருடமாக இஸ்திரி போடுகிறாள். ஜன்னல் இல்லாத அடித்தளம், நீராவி, ஓயாமல் சுற்றும் இயந்திரங்கள். அங்கே அவள் பெயர் மடிப்பக்கா. சாப்பிட்டு முடித்த பொட்டலக் காகிதத்தைக்கூட நாலாக மடித்துத்தான் குப்பையில் போடுவாள். சூப்பர்வைசர் சத்தம் போட்டால் பதில் பேசமாட்டாள், அவர் கழுத்தையே பார்ப்பாள். "என்னம்மா முறைக்கிற?" என்பார். "முறைக்கல சார், காலர் இடது பக்கம் தூக்கிட்டு நிக்குது" என்பாள். அன்றைக்கு முழுக்க அவர் கை காலரிலேயே இருக்கும்.

அவள் ஆல்பம் ஒட்டும் விஷயம் அங்கே எல்லாருக்கும் தெரியும். "ஏக்கா, ஐஸ்கிரீம் மூடியக்கூட ஒட்டி வச்சிருக்கியாமே, மியூசியம் தொறக்கப் போறியா?" என்று துண்டு மடிக்கிறவள் சீண்டுவாள். "தொறப்பேன். உனக்கு மட்டும் டிக்கெட் ரெண்டு மடங்கு."

எட்டு ஆல்பங்கள். வருடத்துக்கு ஒன்று. மகளின் நாலு வயதில் தொடங்கியது. கெட்டி அட்டைகளை வெட்டி, ஓரம் துளைத்து, அவளே நூல் கோத்துக் கட்டியவை. எதையும் விட்டதில்லை. ஆறு வயதில் ரோலர் கோஸ்டர் வாசலில் அளவுப் பலகைக்கு இரண்டு விரல் குறைந்து, ஏற்றமாட்டோம் என்று சொன்னதும் மகள் அழுதாளே, அன்று மூக்கைத் துடைத்த காகிதம்கூட ஒரு பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வருடத்திலிருந்து அப்பாவும் மகளுமாக ஏறினார்கள். வண்டி உச்சியிலிருந்து குப்புற விழும் இடத்தில் தானாகப் படமெடுக்கும் கேமரா ஒன்று உண்டு. வெளியே வரும் வழியில் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, அட்டைச் சட்டம் போட்டு விற்பார்கள். கவுண்டரில் முதல் ஆளாக நிற்பது இவள்தான். அவர்கள் இறங்கி வருவதற்குள் அவர்களுடைய அலறலை இவள் வாங்கிக் கையில் வைத்திருப்பாள்.

இவள் ஏறமாட்டாள். "நீ கீழ இரு. பை பாத்துக்க. உனக்குத் தல சுத்தும்" என்று முதல் வருடமே கணவர் சொல்லிவிட்டார். ஏறாதவளுக்குத் தலை சுற்றும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. ஒரே ஒரு வருடம் வரிசையில் நின்று, இரும்புக் கதவுவரை போய்விட்டாள். அங்கே போனபிறகுதான் அவருக்குத் தன் மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. "கண்ணாடிய யாருட்ட குடுக்கறது?" வாங்கிக்கொண்டு திரும்பினாள். இடித்துக்கொண்டு எதிரே வந்த கூட்டத்திடம் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கெஞ்சியபடி.

பத்து மாதத்துக்கு முன் அவர் வேறொருத்தியோடு போய்விட்டார். சாமான் பிரிக்க வந்த அன்று இவள் வாசலை மறித்துக்கொண்டு சொன்னாள்: "கட்டில எடுத்துக்க, ஃபிரிட்ஜ எடுத்துக்க. ஆல்பத்துல கை வச்ச, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

அவர் சிரித்தார். "அதுல நீ எங்கடி இருக்க? நானும் பொண்ணும்தான இருக்கோம்."

அவர் போனபின் எட்டையும் பிரித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒரு படத்தில் மூன்று பைகளைச் சுமந்த நிழல். இன்னொன்றில் லென்ஸை மறைத்த கட்டைவிரல். அவ்வளவுதான் அவள். இருந்தாலும் அவரை ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள்: வருடா வருடம் மகளைப் பார்க்குக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் காகிதம் ஒன்று விடாமல் இங்கே வந்துவிடவேண்டும். இப்போது மேசையில் கிடப்பவை ஒன்பதாவது ஆல்பத்துக்கானவை.

"ரோலர் கோஸ்டர் போட்டோ எங்கடி?"

"இந்த வாட்டி எடுக்கலம்மா. கேமரா ரிப்பேர்."

அம்மா கசங்கிய ரசீது ஒன்றைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்துகிறாள். எடுத்து மகள் பக்கம் தள்ளுகிறாள். 'போட்டோ ஒன்று, சட்டம் ஒன்று' என்று அதில் தெளிவாக இருக்கிறது.

மகள் எழுந்துபோய், கணக்கு நோட்டுக்குள்ளிருந்து படத்தை எடுத்து வந்து கவிழ்த்து வைக்கிறாள். "கோவிச்சுக்காதம்மா."

மூன்று பேர். ஓரத்தில் அவர், கண்ணை இறுக மூடி, முன்னால் உள்ள கம்பியைப் பிடித்தபடி. நடுவில் மகள், தொண்டை தெரிய அலறிக்கொண்டு. இந்தப் பக்கம் அவர் கூடப் போனவள், தலைமயிர் பறக்கச் சிரித்துக்கொண்டு. அவளுடைய முன்கையில் மகளின் பத்து விரல்களும் பதிந்திருக்கின்றன.

"ரொம்ப பயந்துட்டியா?"

"செத்துட்டேன்மா. புதுசு இது, தலகீழா போவுது."

"அப்பா பக்கத்துலதான இருந்தாரு?"

"அவரே கம்பியத்தான் கட்டிப் புடிச்சிருந்தாரு. அந்த ஆன்ட்டிதான் 'புடிச்சுக்கோ'ன்னு கைய நீட்டினாங்க." சற்று நிறுத்தி, "நீதான் ஏறவே மாட்டியே" என்கிறாள். குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

அம்மா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போடுகிறாள்.

"ஒட்டவேணாம்னா விட்டுடும்மா."

"விடவா? நல்லாருக்கு. ஒரு வருஷம் விட்டா அப்புறம் எல்லா வருஷமும் விட்ட மாதிரிதான்."

சின்னக் கத்தரியை எடுக்கிறாள். பறக்கும் மயிர் முதலில் போகிறது. பிறகு சிரிப்பு, கழுத்து, தோள். முழங்கைக்கு வந்ததும் கத்தரி நிற்கிறது. கையை எடுத்தால் மகளின் விரல்களும் போகும். ஒன்றும் செய்வதற்கில்லை. மகளின் விரல்களைச் சுற்றி வளைந்து, முழங்கைக்குக் கீழே உள்ளதை மட்டும் விட்டு, வெட்டி முடிக்கிறாள். யாருடையதும் இல்லாமல் ஒரு கை படத்துக்குள் நீண்டிருக்கிறது. பசை தடவி, அட்டையில் பதித்து, ஓரங்களை நகத்தால் நீவுகிறாள்.

மகள் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். "யாராச்சும் கேட்டா உன் கைன்னு சொல்லிடலாம்மா."

"என் கை இப்பிடியா இருக்கு?"

ரவிக்கைக்குக் கீழே நீளும் தன் வலது முன்கையை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்க்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே, சூடான இரும்பு பட்டுப் பட்டுக் காய்ந்த மூன்று பழுப்புக் கோடுகள், ஒன்று நீளம், இரண்டு குட்டை. மகளின் பென்சில் டப்பாவைத் திறந்து பழுப்பு ஸ்கெட்ச் பேனாவைத் தேடி எடுக்கிறாள். படத்தில் இருக்கும் அந்த வழவழப்பான கையின்மேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் நீளமான கோட்டை வரைகிறாள்.