மதினி கட்டிய சரம்

மதினியை, என் அண்ணன் பெண்டாட்டியை, நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அவள் முகமல்ல, இடுப்புப் படங்கு. கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கும் செடிக் கீறலுக்கும் தடுப்பாகப் புடவைக்கு மேலே கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்த் துணிதான் அது. ஒரு திங்கட்கிழமை, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால், அந்தப் படங்கின் இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதினி நிற்கிறாள். மழை சிணுங்கிக்கொண்டிருக்கிறது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளிய பச்சைக் கொழுந்தை அதில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். "கை நடுங்காம கொட்டுங்கட்டி, ஒங்க வீட்டுச் சொத்தையா கேக்கேன்?" என்று அவள் சிரிக்கிறாள். பக்கத்துச் செடி நிரையில் பறிக்கிற நானும் அவளுக்கு எதிராகப் பந்தயம் கட்டியவள்தான். என் பங்கையும் கொட்டினேன்.

நாங்கள் இருந்தது தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில். மழைக்காலம் வந்தால் ஞாயிறுதோறும் டிவிஷன்களுக்குள் கால்பந்து நடக்கும். காலையில் மாதா கோயில் பூசை, மத்தியானம் சேற்றில் பந்து. ஆண்கள் எதை எதையோ வைத்துப் பந்தயம் கட்டினார்கள். அதில் பாதி வீட்டுக்குத் தெரியாது. பெண்களுக்கு இருந்தது கொழுந்துதான். இரண்டு கை சேர்த்து அள்ளினால் ஒரு அள்ளு. தோற்றவள் மறுநாள் நிறுவைக்கு முன்னால் ஜெயித்தவளுக்கு அள்ளிப் போட வேண்டும். எஸ்டேட்டுக்கு இதில் நட்டமில்லை, மொத்த எடை எப்படியும் ஒன்றுதான். அதனால் கங்காணி அந்த நேரம் பார்த்து எதிர் மலையில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒற்றை ஆட்டத்துக்குக் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். சொன்ன அணி ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு அள்ளு. சரம் கட்டுவதுதான் வேறு விதம். இரண்டு மூன்று ஆட்டங்களை ஒன்றாகக் கோர்த்து, இன்ன இன்ன அணிகள் ஜெயிக்கும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் வந்த இரண்டையும் அப்படியே அடுத்த ஆட்டத்தில் வைத்ததாகக் கணக்கு. இரண்டும் பலித்தால் நான்கு, மூன்றும் பலித்தால் எட்டு. ஆனால் மூன்றில் ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் பலித்ததற்கு ஒரு இலைகூடக் கிடைக்காது. மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மதினி, வந்த முதல் மழைக்காலத்திலேயே இதன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். ஒரு ஆட்டம் பாதிக்குப் பாதி. இரண்டைக் கோர்த்தால் கால். மூன்றைக் கோர்த்தால் அரைக்கால். "எட்டு அள்ளைத்தான் எல்லாரும் பாக்காளுவ. அரைக்காலை எவ பாக்கா?" என்பாள். எப்படியும் ஜெயிக்கிற அணிதானே, சேர்த்தால் சரம் பெரிதாகுமே என்று சும்மா இன்னொன்றைக் கோர்ப்பார்கள் பாருங்கள், பெரும்பாலும் அறுப்பது அதுதான் என்றும் சொல்வாள். நிரையில் பறித்துக்கொண்டே இதையெல்லாம் பேசுவோம். கை அது பாட்டுக்கு வேலை செய்யும்.

இவ்வளவு தெரிந்தவள் ஒரு தப்பை மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தாள். எந்தச் சரம் கட்டினாலும் எங்கள் டிவிஷன் அணியை அதில் சேர்த்துவிடுவாள். எங்கள் அணியின் கோலி, கோல் காக்கிறவன், என் அண்ணன். நல்லவன், உயரமானவன், பந்து வருகிற பக்கம் பாய்வது மட்டும் அவனுக்கு வராது. சரம் ஒவ்வொரு தடவையும் அவன் கையில்தான் அறுந்தது. பெண்கள் விடுவார்களா? "புருஷனைக் கோர்க்காம ஒனக்குச் சரம் கட்டத் தெரியாதாட்டி?" என்று சாயங்காலம் வரைக்கும் ஓட்டுவார்கள். மதினி ஒருநாள் கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிச் சொன்னாள், "அவுகளை விட்டுட்டு ஜெயிச்சா அந்தக் கொழுந்து என் படங்குல நிக்குமா?" எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை, அண்ணனைப் பற்றியல்ல, அவளைப் பற்றி.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு அவள் கட்டியது மூன்று ஆட்டச் சரம். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவது அண்ணனுடைய ஆட்டம். வழக்கம்போல ஒரு கோல் வாங்கிவிட்டு நின்றுகொண்டிருந்தான். அப்போது மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. எங்கள் ஊரில் அது கீழே இறங்கினால் கோல் கம்பம் தெரியாது, கோலி தெரியமாட்டான், கடைசியில் பந்தும் தெரியாது. நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மறுநாள் கொட்டகையில் ஒரே சத்தம். தோற்றுக்கொண்டிருந்த அணிதானே, சரம் அறுந்தது என்றார்கள் எல்லோரும். நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். மதினி குரலை உயர்த்தவே இல்லை. "முடியாத ஆட்டம் தோத்த ஆட்டம் இல்லட்டி. மேகத்துல நின்னு போனதைச் சரத்துலேருந்து உருவிரணும். மத்தது ரெண்டும் அப்படியே நிக்கும்லா?" எட்டு கேட்கவில்லை, நான்குதான் கேட்டாள். கங்காணியும் முதன்முறையாக மலையிலிருந்து பார்வையைத் திருப்பி, அதுதான் நியாயம் என்றார். அன்றிலிருந்து அது எங்கள் எல்லோருக்கும் சட்டமாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டான். ஏலக்காய் எடுப்புக்குக் கம்பம்மெட்டுப் பக்கம் போன ஜீப் சறுக்கிக் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குக் காயம், அவனுக்கு முடிவு. அதைப் பற்றி என்னால் இதற்குமேல் எழுத முடியாது. குழந்தையும் இல்லை. அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் பூசையன்று மதினியின் அப்பாவும் தம்பிகளும் அவளைக் கூட்டிப்போக வந்தார்கள். லயத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். அவனே போய்விட்டான், இனி இவளுக்கு இங்கே என்ன உறவு, சின்ன வயது, ஊருக்குப் போய் ஒரு வாழ்க்கையைப் பார்க்கட்டும் என்று. அம்மாவும் அதைத்தான் சொன்னாள், அழுதுகொண்டே. எல்லோரும் சொன்னது சரிதான். அந்தச் சரியின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணனை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம், அவளையும் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்? எனக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி மட்டுமா?

பஸ் வரும் வரைக்கும் அவளுடைய துணிப்பையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ் வளைவில் தெரிந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "போனா இனி வரமாட்டீங்க மதினி. அண்ணனும் போயாச்சு, நீங்களும் போறீங்க. சரம் அறுந்து போச்சு. ஒரு அள்ளு பந்தயம், வேணும்னா பாருங்க" என்றேன். அந்த நேரத்தில் பேசுகிற பேச்சா அது? அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். வீட்டுக்கு வந்தால் ஆணியில் அவளுடைய படங்கு தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிறவளுக்குப் படங்கு எதற்கு?

அதற்குப் பிறகு அவளிடமிருந்து பேச்சில்லை. கம்பத்திலேயே இரண்டாவது கல்யாணம் ஆனது என்று ஏலக்காய்ச் சாக்கு ஏற்றுகிற ஒருவர் வந்து சொன்னார். "இனி அந்த வீட்டுக்கு நாம போன் போட்டா அவ மாமியாரு என்ன நெனைப்பா?" என்று அம்மா தடுத்துவிட்டாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிரையில் என் இடது பக்கத்தில் வேறொருத்தி வந்து நின்றாள். நல்ல பெண்தான், ஆனால் பேசவே மாட்டாள். பறித்துக்கொண்டே ஏதாவது சிரிப்பு வந்தால் நான் இடது பக்கம் திரும்புவேன். திரும்பிய பிறகுதான் நினைவு வரும். ஞாயிற்றுக்கிழமை பந்து பார்க்கப் போவதையும் விட்டுவிட்டேன். மதினி ஊருக்குப் போனாள் என்பதைவிட, நான் சொன்னது பலித்துக்கொண்டிருக்கிறதே என்பதுதான் அதிகம் வலித்தது.

என் கல்யாணம் நிச்சயமானபோது அம்மாவுக்குத் தெரியாமல் கம்பத்துக்கு ஒரு பத்திரிகை கொடுத்தனுப்பினேன். வருவாள் என்று நம்பவில்லை. பூசை முடிந்து, தாலி ஏறி, கோயில் வாசலுக்கு வந்தோம். தூவுவதற்காகச் சிறுமிகள் தட்டுகளில் பூவிதழ் வைத்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில், இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் குடையோடு முன்பின் தெரியாத ஒரு மனிதர், மதினி நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி சும்மா இராமல், "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அவள் என்ன சொல்வாள்? கூட வந்திருக்கிற கணவர் முன்னால் என்னதான் சொல்ல முடியும்? மதினி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "மதினி" என்றாள். "இவளுக்கு மதினி."

பிறகு என் முன்னால் வந்து நின்று முந்தானையின் இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தாள். கொட்டகைக்கு முன்னால் நின்ற அதே நிற்பு. "கொட்டுட்டி" என்றாள். "தோத்துட்டல்லா? சரம் அறுந்துட்டுன்னியே. ஒரு ஆட்டந்தான் மேகத்துல நின்னு போச்சு. மத்தது நிக்குது." பக்கத்தில் நின்ற சிறுமியின் தட்டிலிருந்து இரண்டு கையும் சேர்த்துப் பூவிதழை அள்ளி அவள் முந்தானையில் கொட்டினேன். புது மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன். பந்தயத்தில் தோற்று அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். இப்போது போனில் கிரிக்கெட் ஆட்டங்களைக் கோர்த்துக் கட்டுகிறார். ஐந்து, ஆறு என்று கோர்ப்பார், கடைசியில் ஏதாவது ஒன்று அறுக்கும். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அரைக்காலில் பாதி, அதிலும் பாதி என்று நான் ஆரம்பித்தால் சோற்றுத் தட்டோடு எழுந்து போய்விடுவார். போன மாதம் ஒரு ஆட்டம் மழையில் நின்றது. எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நின்ற ஆட்டத்தை உருவிவிட்டு மற்றதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். போனைப் பார்த்துவிட்டு, "ஒனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டார். மதினி சொன்னாள் என்றேன்.

அவள் கம்பத்தில்தான் இருக்கிறாள். எப்போதாவது போனில் பேசுவோம். அவளுக்குக் குழந்தைகள், திராட்சைத் தோட்டத்து வேலை, எனக்கு இங்கே என் பாடு. ஜீப் சுமையோடு கம்பம்மெட்டுக்குப் போகிற நாளில் சில சமயம் நானும் ஏறிப் போகிறேன். அங்கே வளைவு முக்கில் நின்று பார்த்தால் மலை முடிந்து கம்பம் கீழே வெயிலில் கிடக்கும். எந்தத் தெரு அவளுடையது என்று தேடுவேன், தெரியாது. பேசினால் குரல் வருகிறது, நிரையில் இடது பக்கம் நின்று சிரிக்க ஆள் வருவதில்லை.

அவள் விட்டுப்போன படங்கைத்தான் இன்றும் கட்டிக்கொள்கிறேன். நேற்று நிறுவைக்கு வரிசையில் நின்றபோது மழை சிணுங்கியது. முன்னால் நின்ற பெண்கள் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நினைத்தேனோ, படங்கின் இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தேன். கங்காணி என்ன என்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லி, இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.