கேடிஎம் பொடியும் அவருடைய கிட்னியும்

என் வீட்டுக்காரர் நகைப் பட்டறையில் வேலை செய்பவர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கோயமுத்தூரில் கேடிஎம் நகைக்குத்தான் மவுசு. பற்றவைக்கிற இடத்தில் காட்மியம் கலந்த பொடியை வைத்து ஊதினால் தங்கம் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பார். அந்தப் புகையை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவர் சட்டையை நான் தனி வாளியில்தான் அலச வேண்டும். அடியில் தங்கும் மண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் உருக்கி, பொட்டுத் தங்கம் எடுத்துவிடுவார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன். அந்தச் சிக்கனத்தைக் கிண்டல் செய்தபடியே அதன் மேல் ஆசை வைத்தவள் நான்.

காட்மியத்தை அவர் விட்டுப் பல வருஷமாகிறது. போன வருஷம் சிறுநீரில் புரதம் போவதாகத் தெரிந்து, எங்கள் வீடு இருக்கும் கணபதியிலிருந்து டவுன் பஸ் ஏறி டாக்டரிடம் போனோம்.

"அதெல்லாம் எப்பவோ வேர்வையில போயிருக்குமுங்க" என்று, பழைய காட்மியத்தைச் சந்தேகப்பட்ட டாக்டருக்கே பாடம் எடுத்தார்.

டாக்டர் பொறுமைசாலி. உள்ளே போன காட்மியத்தை ஈரல் ஒரு புரதத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளுமாம். கட்டுக்குள் இருக்கும்வரை தொந்தரவு குறைவு. ஆனால் அது வருஷக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்து கிட்னிக்கு வந்துவிடும். கிட்னிக்குப் புரதத்தை வீணாக்க மனசு வராது. வடிகட்டியதைத் திரும்ப உள்ளே இழுத்து உடைக்கும். கட்டியிருந்த விஷம் அங்கேதான் அவிழும். அப்படிக் கெட்டது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"உங்க கிட்னி உங்களாட்டவே இருக்குதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். டாக்டருக்கு விளங்கட்டும் என்று வாளிக் கதையைச் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த மண்டியைத் தொட்டு அலசுனது நீங்களாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. "அம்மணிக்கும் டெஸ்ட் பண்ணிப்போடுங்க, இப்பவே" என்றார்.

ரிசல்ட் வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நாந்தான் உன்னைய அலச வெச்சுப்போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுபடி போனபோது டாக்டர் என் ரிசல்ட்டைத்தான் முதலில் சொன்னார். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து வீட்டுக்காரர் சிரித்தார். டாக்டர் அடுத்ததாக, அவருடைய கிட்னி வேலை செய்வது இன்னும் குறைந்திருப்பதைச் சொன்னார். அது அவர் காதில் விழவே இல்லை. எனக்குத்தான் விழுந்தது.