ஏழு எலுமிச்சம்பழமும் எட்டு வேலை நாட்களும்

"ஆவணி, செவ்வாய். நேற்று அமாவாசை. கேட் மூடியது 9.31. நான் வந்தது 9.35. முன்னால் வண்டிகள் 14. திறந்தது 9.40. தண்டவாளம் தாண்டியது 9.42. அலுவலகம் 9.51."

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் எழுதிய நோட்டில் இருக்கும் பதிவு இது. கையெழுத்து என்னுடையது. மையும் நான் வழக்கமாக வாங்கும் கறுப்பு மைதான். ஆனால் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது என்பது எழுதிய எனக்கே பல ஆண்டுகள் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவன் என் மச்சான்.

கடலூரில் என் வீட்டுக்கும் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. பதிவறையில் எழுத்தராக இருந்த நான் அடிக்கடி தாமதமாகப் போவேன். ஒருநாள் மேலதிகாரி, "கேட்டு, கேட்டுன்னு தினமும் சொல்றீங்களே, ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி நேரங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். நான் வருமுன் கேட் மூடியிருந்தால், மூடிய நேரத்தைக் கேட் கீப்பரிடம் கேட்டுக்கொள்வேன். ஒரு மாதம் கழித்து அதை அவர் மேசைமேல் வைத்தேன். அதன்பின் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஓய்வு பெறும்போது பத்தொன்பது நோட்டுகள் சேர்ந்திருந்தன.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறான். கூடவே முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் வந்தவன், அலமாரியில் எதையோ தேடப்போய் என் நோட்டுகளைப் பார்த்துவிட்டான்.

"மாமா, இதெல்லாம் ரயில்வே கேட்டா?"

"கேட்டுதான். பாத்துத் திருப்பு, தையல் விட்டுடும்."

"லேட்டா போனதுக்கு நோட்டு போட்ட ஒரே ஆளு உங்க மாமாதாண்டா," என்றாள் என் மனைவி. "சீக்கிரமா கிளம்பிப் போனவங்க யாரும் நோட்டு போடல."

அவன் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கத் தொடங்கினான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அவன் ஆய்வு எதைப் பற்றியது என்று அன்றுதான் விவரமாகக் கேட்டேன். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் சிக்னலும் போலீசும் இல்லாத சந்திப்பில் எதிரெதிரே வந்தால், எது எதற்கு வழிவிட வேண்டும்? வழிவிடும் குணத்தை ஒரு இயந்திரத்துக்குக் கற்பிக்க முடியுமா? இதை அவன் ஆட்டக் கோட்பாட்டின் வழியாகப் பார்க்கிறான். பெயரைக் கேட்டு ஏதோ சதுரங்கம் என்று நினைத்திருந்தேன். "அதெல்லாம் இல்ல மாமா. உங்க கேட்டுதான்," என்றான்.

எங்கள் கேட் மூடியதும் என்ன நடக்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வருபவர்கள் ஒழுங்காக இடப்பக்கம் நிற்பார்கள். பிறகு வரும் ஒருவர் காலியாக இருக்கும் வலப்பக்கத்தைப் பார்ப்பார். ஸ்கூட்டரை அந்த வழியே ஓட்டி, நேராகக் கம்பிக்கு முன்னால் போய் நிற்பார். அவருக்குப் பின்னால் இருபது பேர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கம்பி உயரும்போது இரண்டு படைகள் முகத்துக்கு முகம் நிற்கும். ஒரு ஆட்டோகூட நுழைய முடியாது. பத்து நிமிடம் ஹாரன் மட்டும்தான் நகரும்.

"வலப்பக்கம் ஒருத்தர் மட்டும் போனா அவருக்கு லாபம். எல்லாரும் போனா எல்லாருக்கும் நஷ்டம். இது தெரிஞ்சும் எல்லாரும் போறாங்க. ஏன்? அதான் என் ஆராய்ச்சி," என்றான்.

அவனுடைய கணினி வண்டிகள் அழகாக வழிவிட்டன. ஆனால் அவனுடைய நெறியாளர் அம்மையார் அதை ஏற்கவில்லை. வழிவிட்டால் மதிப்பெண், விடாவிட்டால் கழிவு என்று நீயே விதி போட்டுவிட்டு, அவை நல்லவையாக இருக்கின்றன என்று நீயே வியப்பதா என்று கேட்டிருக்கிறார். கண்காணிப்பும் தண்டனையும் இல்லாமல் மனிதர்களாவது அப்படி நடந்ததுண்டா? ஒரு உதாரணம் கொண்டுவா. இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தான், மூன்றாவது கிடையாது. அந்த அத்தியாயம் போனால் மற்ற அத்தியாயங்களுக்குக் கால் இல்லை, பட்டமும் இல்லை என்றான்.

மாலை நான்கு மணிக்கு அவன் கையில் இருந்தது அந்த ஆவணி நோட்டு.

"மாமா, கம்பி திறந்தப்புறம் நீங்க தாண்டறதுக்கு எப்பவும் பத்து, பதினோரு நிமிஷம். இந்தச் செவ்வாய்க்கிழமை ரெண்டே நிமிஷம். புதன் ரெண்டு. வியாழன் மூணு. அடுத்த வாரம் வியாழன் வரைக்கும் இப்படியே. எட்டு வேலை நாள். அப்புறம் வெள்ளிக்கிழமை மறுபடி நெரிசல், எட்டு நிமிஷம். அந்த எட்டு நாள் இன்னா நடந்துது?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் எழுதியிருந்தேன். ஏன் என்பதை ஒரு இடத்திலும் எழுதவில்லை. போலீஸ் நின்றாரா, தடுப்பு வைத்தார்களா, ஒன்றும் இல்லை. ஆவணங்களோடு வாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்பவனுக்கு அது வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை இருவரும் கேட்டுக்குப் போனோம். கேட் கீப்பர் அறையில் ஒரு பதிவேடு இருந்தது. அதில் ரயிலின் நேரங்கள் மட்டுமே.

"சார், நான் ரயிலைப் பாப்பனா, உங்க ஸ்கூட்டரைப் பாப்பனா?" என்றார் அவர். "எதுனாலும் டீக்கடை அக்காவைக் கேளுங்க. இந்த ரோட்டுல அவுங்களுக்குத் தெரியாம நாய்கூட தாண்டாது."

டீக்கடை கேட்டுக்கு மிக அருகில், எங்கள் பக்கம் சாலையின் வலப்புறம் இருக்கிறது. அக்கா பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார். மச்சான் நோட்டைக் காட்டி, அந்த வாரத்தில் இங்கே போலீஸ் யாராவது நின்றார்களா என்றான்.

"போலீஸ்காரரு நின்னா டீ குடிக்க வரமாட்டாரா? வந்தா எனக்குத் தெரியாதா? யாரும் நிக்கல."

"ரோடு வேலை?"

"அதுவும் இல்ல." நோட்டை எட்டிப் பார்த்தார். "அமாவாசைக்கு மறுநாளா? ஆவணியா?" கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது எலுமிச்சம்பழம் சார்."

"எலுமிச்சம்பழமா?" என்றான் மச்சான்.

"தினமும் காலைல வண்டிய கொண்டாந்து வலப்பக்கமா என் கடைய மறைச்சி நிறுத்திட்டு நிப்பாங்க. ஒருத்தன் இறங்கி டீ குடிக்க மாட்டான். குடிக்கிறவன் உள்ள வர வழி இல்ல. சொல்லிப் பாத்தேன். கத்திப் பாத்தேன். ஒருத்தரும் காதுல வாங்கல. அமாவாசை அன்னைக்கு சாயந்திரம் ஏழு எலுமிச்சம்பழத்த அறுத்து, குங்குமம் தடவி, நாலு மிளகா, கொஞ்சம் கரித்துண்டு, அந்த வலப்பக்கம் வரிசையா வச்சிட்டேன். அந்தாண்ட பக்கம் வெத்தலபாக்குக் கடை என் நாத்தனாரோடது. அதுவும் ஏழு வச்சிடுச்சு."

"மந்திரிச்சதா?" என்றான் மச்சான்.

"மந்திரமாவது மண்ணாவது. மார்க்கெட்டுல மீந்த பழம். மறுநாள் பாக்கணுமே, பேண்ட்டு சட்ட போட்ட ஆபீசருங்கள்லாம் யாரோ திருஷ்டி சுத்திப் போட்ட கழிப்புன்னு நெனச்சி ஒதுங்கி ஒதுங்கி இடப்பக்கமா நின்னாங்க. நீங்களும்தான் நின்னீங்க, சார். வண்டிய ரெண்டு தடவ பின்னால தள்ளினீங்க."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் நான் அப்படிச் செய்யக்கூடியவன்தான். சாலையில் கழிப்பு கிடந்தால் நம்புகிறவனும் மிதிக்கமாட்டான், நம்பாதவனும் மிதிக்கமாட்டான். நம்பாதவன் ஒரு அடி கூடுதலாகவே விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மச்சானின் முகம் வாடிவிட்டது. "அப்போ இது பயம், மாமா. எலுமிச்சம்பழம்தான் தண்டனை. மேடம் ஒரே வரியில அடிச்சிடுவாங்க."

இரண்டு டீ வந்தது. அவன் குடிக்கவில்லை. நான் நோட்டைப் பிரித்துச் செவ்வாய்க்கிழமைப் பதிவின் கீழே மழைக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது: "இரவு பலத்த மழை."

"அக்கா, பழம் எத்தனை நாள் கிடந்தது?" என்று கேட்டேன்.

"எங்க கிடந்தது? செவ்வாய்க்கிழமை ராத்திரியே மழை அடிச்சிட்டுப் போயிடுச்சு. புதன்கிழமை காலைல ஒரு மிளகாகூட இல்ல. மறுபடி வைக்கலாம்னுதான் இருந்தேன். பாத்தா அவுங்களே ஒழுங்கா நிக்கறாங்க. எதுக்கு வீணா பழம் வாங்கணும்னு விட்டுட்டேன்."

மச்சான் டீயை ஒரே மூச்சில் குடித்தான். புதன் முதல் அடுத்த வியாழன் வரை ஏழு நாட்கள், சாலையில் எதுவும் இல்லாமல், யாரும் பார்க்காமல், நாங்கள் எல்லோரும் இடப்பக்கம் நின்றிருக்கிறோம். பயம் ஒரு நாள்தான் இருந்தது. மீதி நாட்கள் அடுத்தவர் நிற்கிறார், அதனால் நானும் நிற்கிறேன் என்பது மட்டுமே.

"மூணு வருஷமா நான் கம்ப்யூட்டர்ல செய்யப் பாத்தத நீங்க ஒரே சாயந்திரத்துல செஞ்சிட்டீங்கக்கா," என்றான்.

"அப்ப எனக்கும் ஒரு பட்டம் வாங்கிக் குடு தம்பி. இப்ப டீக்கு இருவது ரூபா குடு."

சிதம்பரம் பஸ் ஏறும்போது அவன் ஒரே ஒரு கேள்வியை விட்டுப் போனான். "வெள்ளிக்கிழமை ஏன் உடைஞ்சுது? மேடம் கட்டாயம் கேப்பாங்க. எது சேர்த்துதுன்னு தெரிஞ்சா போதாது, எது பிரிச்சுதுன்னும் தெரியணும். நோட்டுல எதுனா இருக்கான்னு பாருங்க மாமா."

அன்று மாலை பார்த்தேன். இருந்தது.

"ஆவணி, வெள்ளி. கேட் மூடியது 9.30. நான் வந்தது 9.37. முன்னால் வண்டிகள்: இல்லை. திறந்தது 9.41. தாண்டியது 9.49."

மூன்று முறை படித்தேன். கேட் மூடி ஏழு நிமிடம் கழித்து வந்தவனுக்கு முன்னால் வண்டியே இல்லை. அந்த நேரத்தில் இடப்பக்கம் பத்துப் பதினைந்து வண்டிகளாவது நின்றிருக்கும். அப்படியானால் நான் நின்றது வலப்பக்கம். அங்கே கம்பி வரை காலியாக இருந்திருக்கிறது. அதாவது எங்கள் பக்கத்தில் அன்று வரிசையை முதலில் உடைத்தவன் நான். முதலாவதாக நின்றும் எட்டு நிமிடம் கழித்தே தாண்டியிருக்கிறேன். நானே உண்டாக்கிய நெரிசலில் நானே சிக்கியிருக்கிறேன்.

ஏன் போனேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அலுவலகத்தில் அன்று ஆய்வா, அவசரக் கோப்பா? பதிவில் எதுவும் இல்லை. ஒருவேளை வலப்பக்கம் காலியாக இருந்தது, அவ்வளவுதானோ என்னவோ.

சொல்லாமல் விட்டிருக்கலாம். 'முன்னால் வண்டிகள்' என்ற அந்த ஒரு கட்டத்தைப் படித்து அர்த்தம் செய்யக்கூடியவன் நான் மட்டும்தான். 'காரணம் தெரியவில்லை' என்று அவன் எழுதியிருப்பான். மூத்தவன் மரியாதையும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் அரைகுறையான பதிவால் அவன் ஞாயிற்றுக்கிழமை பட்ட பாடு எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிவீடு அவனுடையது. வாக்கியம் எதுவும் தேவைப்படவில்லை. நோட்டைப் பிரித்து விரல் வைத்தேன். படித்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா! நீங்களா?"

"நான்தான் போலிருக்கு."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கைதட்டிச் சிரித்தான். "ஊரெல்லாம் தேடினேன். எங்க அக்கா வீட்டுக்குள்ளயே இருந்திருக்கீங்க!" உடனே கணினியைத் திறந்தான். திரையில் இரண்டு பக்கமும் நீலப் புள்ளிகள் இடப்பக்கமாக நின்றன. கம்பி திறந்ததும் சீராகக் கடந்தன. பல முறை ஓட்டிக் காட்டினான், தானாக உடையவில்லை. பிறகு ஒரே ஒரு புள்ளியைச் சிவப்பாக்கினான். "இது நீங்க." சிவப்புப் புள்ளி வலப்பக்கம் போய் நின்றது. அதன் பின்னால் இரண்டு, ஐந்து என்று சேர்ந்தன. கம்பி திறந்ததும் திரை அடைத்துக்கொண்டது.

"ஒருத்தர் போதும் மாமா. இயந்திரத்துக்கு நல்ல குணம் சொல்லிக் குடுத்தா மட்டும் பத்தாது. பக்கத்துல ஒருத்தர் மாறினாலும் நீ நில்லுன்னு சொல்லிக் குடுக்கணும். அது எப்படின்னு இன்னும் தெரியல. அதான் கடைசி பத்தி."

வெள்ளிக்கிழமை ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டான். நெறியாளர் அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டார். எலுமிச்சம்பழப் பகுதியை இரண்டு முறை படித்ததாக மச்சான் சொன்னான். அடிக்குறிப்பில் நான் "ஸ்கூட்டரில் வந்த ஒரு அரசு ஊழியர்" என்று இருக்கிறேன்.

அதன் ஓரத்தில் நெறியாளர் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: எதிர்ப்பக்கம்? நியாயமான கேள்விதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு முன்பே ஒருவர் வலப்பக்கம் வந்து நின்றிருக்கலாம். அவரைப் பார்த்துத்தான் நான் போயிருக்கலாம். வெற்றிலைபாக்குக் கடைக்காரம்மாவைக் கேட்டேன், நினைவில்லை என்றார். கேட் கீப்பரின் பதிவேட்டில் அது இருக்க வழியில்லை. என் நோட்டில் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை 9.37க்கு முன் அங்கே யாராவது வலப்பக்கம் நின்றார்களா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.