நாவல் கன்றும் மூன்று மண்ணும்

வெள்ளானூரில் எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மூன்று வருடம் அடுத்தடுத்து மரக்கன்று நட்டோம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதல் வருடம் வெயில் என்று சொன்னோம். இரண்டாம் வருடம் ஆடு. மூன்றாம் வருடம் சொல்லக் காரணம் கிடைக்காமல், தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் இருந்த என்னைச் சொன்னார்கள்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலை பார்க்கிறேன். ஒரு பாகம் அளவு தவறினால், ஏன் தவறியது என்று எழுதி வைக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இருபது வருடப் பழக்கம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் எல்லார் முன்னாலும், "ஏம்மா, தெனமும் தண்ணி ஊத்தினது நெசந்தானா?" என்று கேட்டபோது எனக்குக் காது சுட்டது. அவர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சும்மா விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

என் கணவர் வெள்ளானூரிலேயே பிறந்தவர். இப்போது பூங்கா இருக்கும் இடம் நெல் வயலாக இருந்தபோது அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார்கள். அவரிடம் கேட்டேன்.

"உன் மேலயும் தப்பு இல்ல, செடி மேலயும் தப்பு இல்ல. கீழ களிமண்ணு. அதும் மேல மனை போட்டவன் டிப்பர்ல கொண்டாந்து ஒடைஞ்ச செங்கல்லு, சிமெண்டு, கிராவலு எல்லாத்தையும் கொட்டி ரோலர் ஓட்டிட்டான். நீ ஊத்தற தண்ணி எங்க எறங்கும்?" என்றார்.

அப்படியென்றால் நல்ல மண் வேண்டும். பூங்காவின் பின்பக்கம், ஏரிக் கால்வாயை ஒட்டிய பகுதியில் ஒரு பெரிய நாவல் மரம் நிற்கிறது. அதிலிருந்து முப்பது எட்டு நடந்தால் ஒரு வேம்பு. ஆடி மழை இரண்டு விழுந்ததும் நாவல் மரத்தடியில் பச்சைப் பாய் விரித்ததுபோலக் கன்றுகள். கால் வைக்க இடமில்லை. இத்தனை கன்றுகளை வளர்க்கிற மண்ணைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். ஸ்கூட்டரில் பத்து மூட்டை அள்ளி வந்து பூங்காவில் குழிகளை நிரப்பி, அதே மரத்தடிக் கன்றுகளை நட்டேன்.

தீபாவளி வரைக்கும் ராணுவ வரிசைபோல நின்றன. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு கன்றும் மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூல்போல மெலிந்து சாய்ந்திருந்தது. கார்த்திகை முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த கன்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராக நாவல் மரத்தடிக்குப் போனேன். அங்கே பச்சைப் பாயைக் காணோம். வெறும் தரை. சாய்ந்து கிடந்த சிலவற்றில் அதே கறுப்பு. தாய் மரத்தடியிலும் இதுதான் நடந்திருக்கிறது! அப்படியானால் இது என் கை செய்த தப்பு இல்லை.

திரும்பும்போதுதான் வேம்பின் அடியைக் கவனித்தேன். சருகுக்கு நடுவில் ஒன்பது நாவல் கன்றுகள். ஒவ்வொன்றிலும் ஆறு, எட்டு இலை. தண்டில் ஒரு கறை இல்லை. யாரும் நட்டதில்லை. வௌவால்கள் நாவல் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து வேம்பில் தொங்கியபடி தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கின்றன.

மறுவருடம் முழுக்கக் கன்றுகளை எண்ணினேன். ஐஸ் குச்சிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, நாவல் மரத்தடியிலும், பத்து எட்டிலும், இருபது எட்டிலும், வேம்படியிலும் முளைத்த கன்றுகள் பக்கத்தில் குத்தினேன். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து நோட்டில் எழுதினேன். மரத்தடியில் குச்சிகள் மட்டும் நின்றன. தள்ளிப் போகப் போகக் கன்றுகள் குறைவு, ஆனால் இருந்தவை பிழைத்தன.

பக்கத்து வீட்டுப் பெண் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைங்க மாதிரிதான்க்கா. அம்மா பக்கத்துலயே இருந்தா வளராதுங்க" என்றாள். என் மகள் இருபத்துநாலு வயதில் என்னோடுதான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். மரத்துக்கு நடப்பது வேறு. அந்த வேறு என்ன என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மண்ணா, நிழலா, நெரிசலா?

பட்டறையில் ஒரு கோளாறைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவோம். அதையே செய்தேன். நாவல் கொட்டை ஈரம் காய்ந்தால் முளைக்காது என்பதால், அடுத்த பருவத்தில் பழம் பொறுக்கிய அன்றைக்கே விதைத்தேன். இருபது நாற்றுப் பையில் நாவல் மரத்தடி மண், இருபதில் வேம்படி மண், இருபதில் பூங்கா மண். ஒரே மரத்துக் கொட்டை, ஒரே மாடி, ஒரே குவளையால் தண்ணீர்.

நாவல் மரத்தடி மண்ணில்தான் முதலில் முளைத்தது. ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகூட வந்தது. மண்தான் காரணம் என்ற என் எண்ணம் தவறோ என்று பயந்தேன். மழை பிடித்ததும் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. பொங்கலுக்கு அந்த இருபதில் நாலு பைதான் மிச்சம். பூங்கா மண்ணில் வந்தவை சாகவுமில்லை, வளரவுமில்லை. மஞ்சள் இலையோடு ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. வேம்படி மண்ணில் மூன்று பை போயிற்று. மற்றவை நிதானமாக ஏறிக்கொண்டே இருந்தன.

அதோடு விட மனமில்லை. தாய் மரத்து மண்ணில் உயிருள்ள ஏதோ ஒன்று கன்றைத் தின்கிறது என்று சந்தேகம். மறுபடி பழம் விழுந்ததும் பழைய இரும்பு வாணலியை அடுப்பில் வைத்து அந்த மண்ணை வறுத்தேன். வேலையிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா பண்ணிகினு கீற?"

"மண்ணு வறுக்கறேன்."

"அது தெரியுது. சோறு கீதா, இல்ல இதான் சோறா?"

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வறுத்து ஆறவைத்த மண்ணில் ஐந்து பை போட்டேன். அந்த மழைக்காலத்தில் ஐந்தில் ஒன்றும் கறுக்கவில்லை. பெரிய மரத்தை ஒன்றும் செய்ய முடியாத பூஞ்சை, அதன் வேரடி மண்ணிலேயே பெருகியிருந்து இளங்கன்றைப் பிடிக்கும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வேறு இனத்து மரத்தடியில் அந்தத் தொல்லை குறைவாம். படித்தபோது ஆச்சரியமாக இல்லை. என் வாணலி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

இதற்குள் சங்கம் வேறு முடிவு எடுத்திருந்தது. பூங்கா முழுவதையும் சமன் செய்து சிமெண்டுக் கல் பதிப்பது, பின்னால் இருக்கும் புதரை அகற்றுவது. புதர் என்றால் வேம்படிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசிபி வந்துவிட்டது. சத்தம் கேட்டு நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓட்டுநர் வண்டியைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வேம்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"யக்கா, ஓரம் போக்கா. மணிக்கணக்குல வாடகை ஓடிகினு கீது."

"இந்த மரத்தடியைத் தொடாதப்பா."

"நான் இன்னாக்கா பண்றது? அவங்க சொன்னாங்க, வந்துகினேன். அவங்கள கேளு."

செயலாளரை ஃபோனில் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் மகளிடம் நோட்டையும், மூன்று மண்ணுக்கும் ஒன்றாக மூன்று பைகளையும் மாடியிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். மரம் நல்லது, நிழல் வரும் என்றெல்லாம் நான் பேசவில்லை. பைகளை ஜேசிபி வாளிக்கு முன்னால் வரிசையாக வைத்து, நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். தொழிற்சாலையில் சோதனை அறிக்கை படித்தவர் படிக்கிற மாதிரி, விரலை வைத்து, வரி வரியாக.

"இந்த ஒரு வாரம் ஏன் எழுதல?"

"காய்ச்சல் சார்."

"வறுத்த மண்ணுல அஞ்சுதான் போட்டிருக்கீங்க. இதுலயும் இருபது போட்டாத்தானே சரியா இருக்கும்?"

"வாணலி அவ்வளவுதான் கொள்ளும் சார்."

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு ஒரு பையைத் தூக்கித் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்குக் கூட்டத்துல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. பிறகு, "பின்பாதி உங்களுக்கு. அடுத்த பொங்கல் வரைக்கும். முன்பாதியில கல்லு பதிச்சே ஆகணும், தீர்மானம் போட்டாச்சு" என்றார்.

நான் உடனே ஜேசிபி பக்கம் திரும்பினேன். "தம்பி, வாடகை ஓடுதுன்னு சொன்னியே. குழி தோண்டித் தருவியா? செங்கல்லு, சிமெண்டு எல்லாம் தாண்டிக் களிமண்ணு வர்ற வரைக்கும்."

"குழிதானே? எவ்ளோ ஆழம் வோணும் சொல்லுக்கா. அதுக்கா இவ்ளோ நேரம் மொறைச்சிகினு நின்ன?"

அன்று மதியத்துக்குள் முப்பத்திரண்டு குழி. களிமண்ணை மேலே எடுத்து, சருகும் எருவும் கலந்து மூடினோம். மாடியில் பிழைத்த நாவல் கன்றுகளுக்கான குழிகளில் வேம்படி மண்ணை இரண்டு கை மட்டும் போட்டேன். மூட்டை மூட்டையாக அள்ளினால் அந்த ஒன்பது கன்றுகள் போய்விடும். நாவல் மரத்தடியில் ஓரமாக முளைத்திருந்த வேப்பங்கன்றுகளை அந்த மண்ணோடு கொண்டுவந்து இடையிடையே நட்டேன். நாவல் பிள்ளைக்கு ஆகாத மண் வேம்புக்கு ஆனது.

கோடை எளிதாகப் போகவில்லை. ஆழ்குழாயில் தண்ணீர் கீழே போய்விட, வீட்டில் துணி அலசிய தண்ணீரையும் குடிநீர் வடிகட்டியின் கழிவுத் தண்ணீரையும் கேனில் பிடித்து, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு நடை, வந்த பிறகு இரண்டு நடை. கணவரும் இரண்டு கேன் தூக்குவார். கத்திரி வெயிலில் பதின்மூன்று கன்று கருகியது. பத்தொன்பது நின்றது. இப்போது அவற்றில் பாதி என் தோளுக்கு மேலே இருக்கின்றன. பொங்கல் கெடுவைப் பற்றிச் செயலாளர் பிறகு பேசவே இல்லை. நான் ஷிப்டில் இருக்கும்போது அவரே போய்ப் பார்க்கிறார். போன வாரம் வேலை நேரத்தில் கூப்பிட்டு, "ஏழாவது கன்னுல எலையில வெள்ளையா புள்ளி இருக்கும்மா" என்றார், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறவர்போல.

முன்பாதியில் பதித்த கல் வெயிலில் நடக்க முடியாதபடி கொதிக்கிறது. அதில் நாலு இடத்தில் மட்டும் கல்லைப் பெயர்த்துக் குழி எடுக்க அனுமதி வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பூந்தமல்லி போனபோது கடப்பாரை வாங்கி வந்துவிட்டேன்.